லொரீன் ஹக்கபி ரிவர்ஸ் எடுத்த கதை

ஜூலை மாதம் எங்கள் பூங்காவுக்கு வருகிறவர்கள் ஒன்று வழி தவறியவர்களாக இருப்பார்கள், இல்லை மாதம் தவறியவர்களாக இருப்பார்கள். ராய்ஸ் ஹக்கபி இரண்டாவது ரகம். வண்டியை நிறுத்தித் தங்குகிற நாற்பத்திரண்டு இடங்களும் காலியாக இருப்பதைக் கணினியில் பார்த்துவிட்டு, "லொரீன், நமக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருச்சு! ஒருத்தன்கூட இன்னும் புக் பண்ணல!" என்று மனைவியிடம் துள்ளிக் குதித்தாராம். ஏன் ஒருத்தனும் புக் பண்ணவில்லை என்று லொரீன் கேட்டதற்கு, "ஜனங்களுக்கு விவரம் பத்தாது" என்றாராம்.

நான் எஸ்தெலா. கண்டெலீயா மாநிலப் பூங்காவின் வாசல் அலுவலகத்தில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அனுமதிச் சீட்டு கொடுப்பேன், ஐஸ் விற்பேன், விறகு விற்பேன். நூற்றுப் பன்னிரண்டு டிகிரி வெயிலில் விறகு கேட்டு யாரும் வருவதில்லை. ஆனால் வாசலில் விறகு அடுக்கியிருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, அடுக்கி வைத்திருக்கிறேன். பெட்ரோல் போட எழுபது மைல் போக வேண்டும். தெற்கே ஆறு. ஆற்றுக்கு அந்தக் கரை மெக்சிகோ. நடுவில் பாறை, முள், கழுதை. எங்கள் பூங்காவில் இவ்வளவுதான்.

லொரீனைப் பற்றிச் சொல்ல வந்தேன். வடக்கே பருத்திக் காடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். பன்னிரண்டு வயதிலேயே டிராக்டருக்குப் பின்னால் இரண்டு பருத்தி வண்டிகளைக் கோத்து, ஆலை வாசலுக்குள் ரிவர்சில் விட்டவள் என்று பேர். இருபத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டப் போனாள். முப்பத்தாறு வருடம் ஓட்டினாள். நாற்பதடி பஸ், அறுபத்தாறு பிள்ளைகள். அவள் ஒருநாளும் கத்தியதில்லை. தலைக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடியைப் பார்த்து, அடிக்குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவாள். அந்தக் குரல் கேட்டால் பல் முளைக்காத குழந்தைகூட நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். ஒருமுறை வேகமாகப் போனதற்காக ஒரு போலீஸ்காரர் அவள் காரை மறித்திருக்கிறார். லொரீன் கண்ணாடியை இறக்கி, "டானி, சட்டைய உள்ள விடு" என்றாளாம். அவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். பழைய மாணவன்.

ராய்ஸ் லிஃப்ட் பரிசோதகர். ஏழு மாவட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஏழுக்கும் சேர்த்து நாற்பத்தொரு லிஃப்ட். அதில் பாதி, ஒரே ஒரு மாடி ஏறி இறங்குகிறவை. ஆனாலும் அவர் வேலையை விண்வெளிக்கு ராக்கெட் அனுப்புகிறவரைப் போலச் செய்தார். எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை. நீதிமன்றக் கட்டடத்து லிஃப்டில் லொரீன் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டபோதுதான் இருவருக்கும் பழக்கம் ஆனது. கதவிடுக்கு வழியாக அவளுக்குப் பாதி ரொட்டியை நீட்டினாராம். "மீதிப் பாதி எங்கேன்னு கேட்டேன். தின்னுட்டேன்னு உண்மையச் சொன்னான். பொய் சொல்லாத ஆளுன்னு கட்டிக்கிட்டேன்" என்று லொரீன் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

லொரீன் ஓய்வு பெற்ற அன்று ராய்ஸ் அவள் கண்ணைக் கட்டி வாசலுக்குக் கூட்டிவந்து கட்டை அவிழ்த்தார். எதிரே படுக்கை, சமையல், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற இருபத்தெட்டடி டிரெய்லர், மேலே சிவப்பு ரிப்பன்.

"முப்பத்தாறு வருஷம் நீளமான வண்டிக்குள்ள உக்காந்துட்டு இன்னிக்குத்தான் இறங்கினேன், ராய்ஸ்" என்றாளாம் லொரீன். "அதுக்குப் பரிசா இன்னொரு நீளமான வண்டியா?"

"நீ ஓட்டவே வேணாம்! நான் ஓட்டுறேன். நீ ராணி மாதிரி உக்காந்து வா."

"சத்தியமா நான் தொட மாட்டேன். இனிமே சோபாவவிட நீளமான எதையும் நான் ஓட்டறதில்ல."

இப்படி ஒரு சபதத்தோடுதான் அவர்கள் எங்கள் பூங்காவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ராய்ஸ் அலுவலகத்துக்குள் வந்தபோது அவர் கையில் செங்கல் கனத்துக்கு ஒரு கோப்பு இருந்தது. டிரெய்லரோடு வந்த எல்லாக் கையேடுகளையும் ஓட்டை போட்டு, வண்ணத் தாள் வைத்துப் பிரித்துக் கோத்திருந்தார். தண்ணீருக்கு நீலம், மின்சாரத்துக்கு மஞ்சள், கழிவுத் தொட்டிக்குப் பழுப்பு.

"பதினேழாம் நம்பர் இடம் குடுங்க மேடம். மேப்ல நிழல் போட்டிருக்கு."

"சார், அது நிழல் இல்ல. மேப் மேல யாரோ காப்பி கொட்டினது."

"பரவால்ல மேடம், பதினேழே குடுங்க. கோப்புல எழுதிட்டேன்."

பதினேழாம் இடம் ஒரு பெரிய பாறைக்கும் ஒரு முள் புதருக்கும் நடுவில் இருக்கிறது. டிரெய்லரை ரிவர்சில்தான் நுழைக்க வேண்டும். என் அண்ணன் மகன் பிளாஸ்தான் அங்கே ரேஞ்சர், பூங்காக் காவலன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையை ஆட்டி வழிகாட்டப் போனான். நான் ஐஸ் மூட்டையோடு பின்னால் போனேன். பார்க்க வேறு எதுவும் இல்லாத ஊரில் ரிவர்ஸ் எடுப்பது ஒரு பெரிய நிகழ்ச்சி.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பின்பக்கம் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். ராய்சுக்கு இது கோப்பில் தெரியும், கையில் தெரியாது. ஒடித்தார். டிரெய்லர் அவரைவிட்டு வேறொரு மாநிலத்துக்குப் போகிற மாதிரி திரும்பியது. முன்னால் எடுத்தார். மறுபடி ஒடித்தார்.

"இடது சார், இடது!" என்று பிளாஸ் கத்தினான்.

"என் இடதா, உங்க இடதா?"

"டிரெய்லரோட இடது!"

"டிரெய்லர் எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குது, முன்னாடியா பின்னாடியா?"

பிளாஸ் யோசித்தான். அவன் யோசித்த நேரத்தில் குப்பைத் தொட்டி ஒன்று கவிழ்ந்தது.

லொரீன் மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு, இருந்த ஒரே நிழலில், அதாவது என் ஐஸ் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் ஜாடி. ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே அவள் இரண்டு கைகளும் தாமாகவே காற்றில் ஒரு ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கைகளை ஜாடிக்குள் விட்டுக்கொண்டாள்.

"நீங்க சொல்லிக் குடுக்கலாமேங்க" என்றேன்.

"சபதம்" என்றாள், வாயில் வெள்ளரிக்காயோடு.

ஒரு மணி இருபது நிமிடம் கழித்து டிரெய்லர் குறுக்குவாட்டில், பதினேழிலும் பதினெட்டிலும் பாதிப் பாதியாக நின்றது. இடப் பக்கம் பாறையில் உரசுகிற மாதிரி இருந்தது. நடுவில் ஒரு புத்தகம்கூட நுழையாது. வலப் பக்கக் கதவைத் திறந்தால் நேரே முள் புதர். ராய்ஸ் இறங்கி, வியர்வையைத் துடைத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இது போதும். வண்டிய கழட்டாம விட்டுடறேன். நாளைக்கு வெயில் தாழ்ந்ததும் நேர் பண்ணிக்கறேன்" என்றார்.

எங்கள் ஊரில் வெயில் அக்டோபரில்தான் தாழும். நாங்கள் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாள் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை நான் தினமும் ஐஸ் கொடுக்கப் போகிற சாக்கில் பார்த்தேன். முள் புதரில் மாட்டாமல் உள்ளே போக வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நடந்து, கடைசி அடியில் ஒரு குதி குதிக்க வேண்டும். லொரீன் இரண்டாம் நாளே அதில் தேர்ந்துவிட்டாள். ராய்சின் சட்டைகள் எல்லாம் முதுகில் கிழிந்திருந்தன. குளிர்சாதனம் ஓடும்போது காப்பி இயந்திரத்தைப் போட்டால் மின்சாரம் போய்விடும், அதனால் காப்பியா குளிர்ச்சியா என்று காலையில் ஓட்டெடுப்பு நடக்கும். இரண்டே பேர் என்பதால் எப்போதும் சமநிலை. டிரெய்லரை இழுத்துவந்த பிக்கப் வண்டியின் முன்மூடி மேல் முட்டை பொரிக்கலாம் என்று ராய்ஸ் எங்கோ படித்திருந்தார். உடைத்து ஊற்றினார். அது பொரியவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. பெயின்டோடு ஒட்டிக்கொண்டு, மஞ்சள் கண் மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

குளிப்பதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. தலைக்கு இரண்டு நிமிடம். ராய்ஸ் கதவுக்கு வெளியே நின்று கடிகாரம் பார்ப்பார்.

"ஒன்றரை ஆச்சு, லொரீன்!"

"சோப்பு இன்னும் போகல!"

"சோப்பு நீல நிறப் பகுதில வருது. ஒரு சொட்டுத்தான் போடணும்னு போட்டிருக்கு."

மூன்றாம் நாள் கழுதை வந்தது. எங்கள் மலையில் காட்டுக் கழுதைகள் உண்டு. கூரை மேலிருக்கும் குளிர்சாதனத்திலிருந்து டிரெய்லரின் பின்மூலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும். சுற்றுவட்டாரத்தில் உழைக்காமல் கிடைக்கிற ஒரே தண்ணீர் அது. ஒரு கிழட்டுச் சாம்பல் கழுதை அதைக் கண்டுபிடித்து, வாயைத் திறந்துகொண்டு மூலைக்குக் கீழே நின்றுவிட்டது. நாள் முழுக்க நின்றது. அவ்வப்போது டிரெய்லர் மேல் சாய்ந்து முதுகு சொறிந்தது. சொறியும்போதெல்லாம் உள்ளே தட்டுகள் ஆடின. "நிலநடுக்கம்!" என்று ராய்ஸ் இரண்டு முறை வெளியே ஓடிவந்து முள்ளில் விழுந்தார்.

லொரீனுக்குக் கழுதையைப் பிடித்துவிட்டது. அதன் முகத்தை உற்றுப் பார்த்து, "எங்க பழைய பிரின்சிபால் மிஸ்டர் லாம்பர்ட் இப்படித்தான் இருப்பார். எப்ப பாத்தாலும் வாயத் திறந்துட்டு, யாராவது ஏதாவது செய்யட்டும்னு நிப்பார்" என்றாள். அன்றிலிருந்து அது லாம்பர்ட்.

நான்காம் நாள் மதியம் இரண்டு மணி இருக்கும், மேற்கே வானம் பழுப்பாக எழும்பியது. மழைக்கு முன்னால் வரும் புழுதிக் காற்று. பிளாஸ் ஆற்றோரப் பாதையைச் சரிசெய்யப் போயிருந்தான். காற்று கால் மணி நேரம்தான் அடித்தது. எங்கள் மேல் ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் பூங்கா முழுக்க மின்சாரம் போய்விட்டது. மலையில் மட்டும் பெய்திருக்கிறது. ஓடையில் வெள்ளம் வந்து பாதையை மறித்துவிட்டது என்று பிளாஸ் வயர்லெஸ்ஸில் சொன்னான். "ரெண்டு மணி நேரம் ஆகும் அத்தை. யாருக்கும் ஒண்ணும் இல்லல்ல?"

"இருக்கறதே ரெண்டு பேரு. போய்ப் பாக்கறேன்" என்றேன். மின்சாரம் இல்லாமல் என் ஐஸ் எப்படியும் உருகப்போகிறது. இரண்டு மூட்டைகளை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பதினேழாம் இடத்தில் லொரீன் வெளியே நின்று, இடுப்பில் கை வைத்து டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாம்பர்ட்டும் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார் எங்கேங்க?"

"உள்ள. பாத்ரூம்ல."

"சரி, வரட்டும்."

"வர முடியாது" என்றாள் லொரீன்.

நடந்தது இதுதான். அந்த டிரெய்லரில் வலப் பக்கச் சுவரின் ஒரு பகுதி, சோபாவோடு சேர்ந்து, பொத்தானை அமுக்கினால் வெளியே நகர்ந்து போகும், அறை பெரிதாகும். மறுபடி அமுக்கினால் உள்ளே வரும். முக்கால் வழி உள்ளே வந்துவிட்டாலே சோபா குளியலறைக் கதவை அடைத்துக்கொள்ளும். காற்று அடித்தபோது, சுவர் பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து லொரீன் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். ராய்ஸ் குளியலறையில் இருந்ததை மறந்தேபோனாள். முக்கால் வழி வந்ததும் ஏதோ நொறுங்குகிற சத்தம், மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. சோபாவின் முதுகு கதவில் இறுகிவிட்டது. அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு சாண் அகலத்துக்குக் காற்றுத் துளை மட்டும்.

"யாரது? எஸ்தெலா மேடமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பதற வேண்டாம்! எல்லாரும் அமைதியா இருங்க!"

"நாங்க அமைதியாத்தான் சார் இருக்கோம். நீங்க எப்படி இருக்கீங்க?"

"வேகறேன்!"

குளிர்சாதனம் நின்று அரை மணி ஆகியிருந்தது. ஷவரைத் திறந்து அடியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். எவ்வளவு நேரமாக என்று லொரீன் கேட்டாள். 

"இருபத்தஞ்சு நிமிஷம்" என்றார் ராய்ஸ், சின்னக் குரலில்.

"ஓஹோ" என்றாள் லொரீன். முப்பத்தெட்டு வருடத் திருமணத்தில் அப்படி ஒரு ஓஹோ அவளுக்கு ஒரு தடவைதான் கிடைத்திருக்கும்.

"கைப்பிடி இருக்கு!" என்று ராய்ஸ் தொடர்ந்தார். "மோட்டார் நின்னா கையால சுத்தற கைப்பிடி. மஞ்சள் பகுதி, முப்பத்தோராம் பக்கம். முன்பக்கப் பெட்டிக்குள்ள கைப்பிடி இருக்கு."

பெட்டியைப் போய் இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

"சாவி எங்க, ராய்ஸ்?"

"சாவிக்கொத்துல."

"சாவிக்கொத்து எங்க?"

"என் பேன்ட்ல."

"பேன்ட் எங்க?"

"என்கூட."

லொரீன் பின்பக்க ஏணியைப் பிடித்துக் கூரையில் ஏறினாள். அறுபத்திரண்டு வயது. கூரைத் தகடு சுடும் என்று என் தொப்பியை ஒரு முட்டிக்கும் அவள் தொப்பியை மறு முட்டிக்கும் போட்டுக்கொண்டு தவழ்ந்தாள். நான் ஏணியில் நின்று ஒரு பக்கெட்டில் ஐஸை ஏந்திக் கொடுத்தேன். காற்றுத் துளையின் மூடியைத் தூக்கினாள். ராய்ஸ் அடியில் ஏறி நின்று, நகவெட்டியால் திருகாணிகளைக் கழற்றிக் கொசுவலையை எடுக்க, அவள் உள்ளே பார்த்தாள்.

"எப்படி இருக்கான்?" என்றேன். பதற்றத்தில் மரியாதை விட்டுப்போயிற்று.

"வேகவெச்ச இறால் மாதிரி இருக்கான். ராய்ஸ், ஐஸ் போடறேன்."

"முன்னாடியே சொல்லிட்டுப் போ..." என்று அவர் முடிப்பதற்குள் பக்கெட் கவிழ்ந்தது. உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் லாம்பர்ட் பத்தடி ஓடிப்போய் நின்றது.

கழிப்பறை மூடி மேல் மறுபடி ஏறி நின்று, ராய்ஸ் சாவிக்கொத்தைத் துளை வழியாக நீட்டினார். லொரீன் கையை விட்டு வாங்கிக்கொண்டாள். பெட்டி திறந்தது, கைப்பிடி கிடைத்தது. அப்பாடா என்று இருந்தது. கைப்பிடியை நுழைக்கும் ஓட்டையைத் தேடினோம்.

அது டிரெய்லரின் இடப் பக்க அடியில் இருந்தது. பாறைப் பக்கம்.

லொரீன் குனிந்து பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். பாறைக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு பல்லி மட்டும் வசதியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"ராய்ஸ், வண்டிய நகத்தாம கைப்பிடி போகாது."

"பிளாஸ் வரட்டும்! அவனுக்கு நான் உள்ளேர்ந்து வழி சொல்றேன்!"

"பிளாஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீ வெந்துருவே."

"அப்ப எஸ்தெலா மேடம் ஓட்டட்டும்!"

"எனக்கு ஐஸ் வண்டியே நேரா ஓட்ட வராது சார்" என்றேன். உண்மை அது.

லொரீன் சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ சாட்சி, எஸ்தெலா. நான் ஆசைப்பட்டு ஏறல."

முதல்முறையாக என்னை நீ என்றாள். "நான் சாட்சி. ஏறு" என்றேன்.

மின்கம்பியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைக் கழற்றச் சொன்னாள். குழாயைத் திருகியதும் உள்ளே ஷவர் நின்றுவிட்டது.

"தண்ணி போச்சு! தண்ணி போச்சு! லொரீன், வண்டி நகரும்போது டிரெய்லருக்குள்ள ஆள் இருக்கக் கூடாது! அது சட்டவிரோதம்! ஒரு பரிசோதகரா நான் இதை அனுமதிக்க முடியாது! முதல்ல சக்கரக் கட்டைய எடுக்கணும், அப்புறம் கண்ணாடிய சரி பண்ணணும், பழுப்புப் பகுதில என்ன போட்டிருக்குன்னா..."

லொரீன் பிக்கப்புக்குள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். மேலே இருந்த கண்ணாடியை ஒரு விரலால் சரிசெய்தாள். அதைப் பார்த்து, அடிக்குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"ராய்ஸ். எட்வின். ஹக்கபி. உக்காரு. வாய மூடு. கைய மடியில வை."

சத்தம் அடங்கியது. அடுத்து கழிப்பறை மூடி மேல் ஒரு ஈர உடம்பு உட்காருகிற 'சளக்' கேட்டது. என் பங்குக்கு நானும் பாறை மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னை அவள் சொல்லவில்லை என்று பிறகுதான் உறைத்தது.

லொரீன் வண்டியை முன்னால் எடுத்தாள். பாதையில் கொண்டுபோய் ஒரு வளைவு வளைத்து நேராக்கினாள். ரிவர்ஸ் போட்டாள். இடது கை ஸ்டீரிங்கில், வலது கை ஜாடிக்குள். டிரெய்லரின் பின்பக்கம் பதினேழாம் இடத்து வாயை நோக்கித் திரும்பியது. அங்கே லாம்பர்ட் வாயைத் திறந்துகொண்டு, இன்னும் தண்ணீர் சொட்டும் என்ற நம்பிக்கையில் நின்றது.

லொரீன் தலையை வெளியே நீட்டினாள். "லாம்பர்ட். வரிசையில நில்லு."

கழுதை நகர்ந்து, முள் புதருக்கு இணையாக, நேராக நின்றது. என் தாயின் மேல் ஆணை, நின்றது.

டிரெய்லர் உள்ளே வந்தது. நிற்கவில்லை, தயங்கவில்லை, ஒரு முறைகூட முன்னால் எடுக்கவில்லை. வெண்ணெய்க்குள் கத்தி இறங்குகிற மாதிரி வந்து, பாறைக்கு ஆறடி, புதருக்கு ஆறடி விட்டு, கான்கிரீட் மேடையின் நட்டநடுவில் நின்றது. நான் பதினாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான ரிவர்ஸ் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று கைதட்டியது அதற்கு மட்டும்தான். லொரீன் இறங்கி, வெள்ளரிக்காயின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. வெயிலில் இல்லை.

"அய்யோ எஸ்தெலா" என்றாள். "எவ்வளவு நாளாச்சு!"

கைப்பிடியைப் போட்டு இருவரும் மாறிமாறிச் சுற்றினோம். சோபா அங்குலம் அங்குலமாக விலகியது. சுவர் நகருகிற தண்டவாளத்துக்கு நடுவிலிருந்து ஒரு பொருள் நசுங்கி வெளியே வந்து விழுந்தது. ராய்சின் கோப்பு. சோபாவிலிருந்து நழுவி இடுக்கில் விழுந்து, மோட்டாரை நிறுத்தியது அதுதான். மஞ்சள் பகுதி முழுக்க நார் நாராகியிருந்தது.

கதவு திறந்தது. ராய்ஸ் உள்ளாடையோடு, கையில் பேன்ட்டோடு, விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளியே வந்தார். அவர் குதித்து இறங்கப் போனார். முள்ளுக்குப் பழகிய குதி. முள் இல்லாததால் நாலடி தள்ளிப் போய் என் ஐஸ் வண்டி மேல் விழுந்தார். அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

சரியாக அப்போது பிளாஸின் ஜீப் வந்து நின்றது. வெள்ளம் நினைத்ததைவிடச் சீக்கிரம் வடிந்திருக்கிறது.

ராய்ஸ் ஐஸ் மேல் படுத்தபடியே டிரெய்லரைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தார். "தம்பி பிளாஸ்! என்னா ஓட்டு ஓட்டியிருக்கப்பா! உள்ள ஒரு சொட்டுத் தண்ணி தளும்பல!"

பிளாஸ் என்னைப் பார்த்தான். நான் லொரீனைப் பார்த்தேன். இப்படியே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சபதமும் கெடாது, அவர் மானமும் போகாது.

"நான்தான் ராய்ஸ்" என்றாள் லொரீன்.

ராய்ஸ் எழுந்தார். பேன்ட்டைப் போட்டுக்கொண்டார். மண்ணில் இருந்த சக்கரத் தடத்தின் கூடவே பாதை வரை நடந்து போனார், குனிந்து பார்த்தார், தடத்தின் மேலேயே திரும்பி நடந்து வந்தார். முன்னும் பின்னும் போன கோடு எதுவும் இல்லை. வில்லை வளைத்த மாதிரி ஒரே ஒரு வளைவு. நாற்பத்தொரு லிஃப்டைப் பரிசோதித்த கண் அது. நல்ல வேலை எது என்று தெரியும்.

"பன்னெண்டு வயசுல பருத்தி வண்டி விட்டேன்னு சொல்லுவியே" என்றார். "நீ சும்மா அளக்கறேன்னு நெனச்சேன்."

"முப்பத்தெட்டு வருஷமாவா?"

"ஆமா." பிறகு தடத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "இன்னொரு தடவை செஞ்சு காட்டறியா? நான் பாக்கவே இல்லையே."

"நூத்திப் பன்னெண்டு டிகிரில, வேடிக்கைக்கு?"

"தயவுசெஞ்சு."

அவள் வண்டியை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டாள். பதினெட்டில் ஒரு தடவை, பத்தொன்பதில் ஒரு தடவை. ராய்ஸ் பக்கவாட்டில் ஓடி ஓடிப் பார்த்தார். இருபத்தொன்றாம் இடத்துக்கு வரும்போது பிளாஸும் பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டான். பூங்கா முழுக்கக் காலி; அன்று மாலைக்குள் அவள் பதினோரு இடங்களில் விட்டுக் காட்டினாள். கடைசியில் பெட்ரோல் தீரப்போகிறது என்று நான்தான் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒவ்வொரு ஜூலையும் வந்தார்கள். லொரீன் ஓட்டினாள். ராய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தார். அவருக்கு நல்ல குரல் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ரோட்டைப் பார்த்துப் பயப்படுகிறவனால் எப்படிப் பாட முடியும் என்பார். மார்ச் விடுமுறைக் கூட்டத்துக்கும் பிளாஸ் அவர்களை வரச் சொன்னான். ஆட்கள் வந்து, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல், கணவன் மனைவி ஒருவரையொருவர் வக்கீல் பேர் சொல்லி மிரட்டுகிற கட்டத்துக்கு வரும்போது லொரீன் போய் ஜன்னலைத் தட்டுவாள். "நகரு கண்ணு" என்பாள். எவ்வளவு பெரிய ஆளும் நகர்ந்து உட்காருவான். ஒரு மார்ச்சில் நான் எண்ணிப் பார்த்தேன்: முப்பத்துநான்கு டிரெய்லர்கள், ஒரு படகு. இரண்டு ஜோடிகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

போன வருடம் லொரீனுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை. அதனால் ஜூலையை விட்டுவிட்டு, செப்டம்பர் கடைசியில்தான் வந்தார்கள். அன்று தொண்ணூற்றாறு டிகிரி. இருவரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்குள் நடுங்கியபடி வந்தார்கள்.

"இந்தக் குளிர்ல மனுஷன் எப்படி எஸ்தெலா இருக்கறது?" என்றாள் லொரீன்.

ராய்ஸ் விறகு கேட்டார்.